கதையை விட்டுவிடாதீர்கள்: சிங்கப்பெருமாள் கோவில் அறைகளில் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு



சென்ற ஞாயிறு நம் வாசிப்புக் கூட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘மனித யந்திரம்’ கதையைப் படித்து முடித்ததும் உங்களில் ஒருவர் என்னிடம் ஒன்று கேட்டார். வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளைப் பேசத்தான் கூடுகிறோம் என்றால் தத்துவப் புத்தகங்களையே நேராகப் படித்துவிடலாமே. எதற்காகக் கதை வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதுவும் முடிவில் பதில் எதுவும் சொல்லாத கதைகள் வழியாக? இன்னொருவர், தன்முன்னேற்ற நூல் ஒன்றை எடுத்துக்கொண்டால் அடுத்த இன்டர்வியூவுக்காவது உதவும் என்றார். பலர் தலையசைத்தீர்கள்.

இரவு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களுக்கு நேரமாகிவிட்டதால் அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அல்ல. சிங்கப்பெருமாள் கோவிலிலும் திருக்கச்சூரிலும் ஆப்பூரிலும் அஞ்சூரிலும் நான்கு பேருக்கு ஓர் அறை என்று தங்கிக்கொண்டு ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் மகிந்திரா சிட்டிக்கும் கம்பெனி பஸ் ஏறுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான். இதே கேள்வி அந்த அறைகளிலும் இருக்கும். புத்தகத்தைக் கையில் எடுத்த ஒவ்வொருவரையும், “இதனால் உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?” என்று யாரோ ஒருவர் கேட்டிருப்பார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தத்துவம் கற்றுத்தர வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அதை நீங்கள் கையோடு கொண்டுவந்தீர்கள். ஒரே லைனில் கான்ட்ராக்டில் இருப்பவரும் பர்மனென்ட்டில் இருப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிறார்கள். சம்பளம் வேறு, சட்டையின் நிறம்கூட வேறு. இது சரியா என்று கேட்டால் அது சங்கத்தின் கேள்வி. ஒரு மனிதனின் உழைப்புக்கு விலை எங்கிருந்து வருகிறது, அதை யார் தீர்மானிக்கலாம் என்று கேட்டால் அது தத்துவத்தின் கேள்வி. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அனுப்பிய பிறகு, ‘எனக்கென்று நான் வாழ்வது எப்போது?’ என்று ஒரு தங்கை கேட்டார். கடமை பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்கள் எல்லாம் அந்த ஒரு வரியைத்தான் சுற்றி வருகின்றன. அப்ரன்டிஸ் காலம் முடிந்து வெளியே வந்த தம்பி ஒருவர், கார்டைத் திருப்பிக் கொடுத்த அன்று தான் யார் என்றே தெரியாமல் நின்றதாகச் சொன்னார். அவர் ‘நான் யார்’ என்ற கேள்வியை எந்த ஆசிரமத்திலும் கற்கவில்லை.

தன்முன்னேற்ற நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படியுங்கள், தவறில்லை. ஆனால் அந்த நூல்களுக்குள் நுழையும்போதே ஒரு கேள்வி வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறது. எப்படி முன்னேறுவது என்று அவை நூறு வழி சொல்லும். எதை முன்னேற்றம் என்பது, யாரை விட்டுவிட்டு முன்னேறுவது என்று கேட்க அங்கே இடம் இல்லை. நம் கூட்டம் அந்த இடத்துக்காகத்தான்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். தத்துவ நூலை ஏன் நேராகப் படிக்கக் கூடாது? படிக்கலாம். படித்துத்தான் பார்ப்போமே. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785இல் அறத்தின் அடிப்படைகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஒரு கடைக்காரர் வருகிறார். அந்தக் கடைக்காரர் யாரையும் ஏமாற்றுவதில்லை. விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அதே விலைதான். காண்ட் கேட்கிறார்: இவர் நேர்மையானவரா? நேர்மையாக இருந்தால் வியாபாரம் நிலைக்கும் என்று கணக்குப் போட்டு அப்படி இருக்கிறாரென்றால், அவர் செயல் கடமைக்கு ஒத்துப்போகிறதே தவிர கடமையிலிருந்து பிறக்கவில்லை. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அறத்தின் மதிப்பு உள்ளே இருக்கும் காரணத்தில் இருக்கிறது. இது ஆழமான சிந்தனை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது நாம் படித்த கதையைப் பக்கத்தில் வையுங்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஒரு கடையில்தான் இருக்கிறார். கடை அவருடையது அல்ல. அவர் கணக்கெழுதும் குமாஸ்தா. காலம் முழுவதும் மற்றவர் பணத்தை எண்ணி எழுதியே முதுமையை எட்டியவர். ஓர் இரவு, கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் வருகிறது. எண்ணத்தோடு நிற்கவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு ரயிலடிவரை போய்விடுகிறார். பிறகு திரும்பி வருகிறார். பணம் இருந்த இடத்துக்கே போகிறது. தான் செலவழித்த சில்லறையைத் தன் பேரில் பற்று எழுதி வைக்கிறார். கதை முடிகிறது.

இவர் நேர்மையானவரா? காண்ட்டின் கடைக்காரரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டபோது பதில் சொல்வது சுலபமாக இருந்தது. ஏனென்றால் அவருக்குப் பெயர் இல்லை, வயது இல்லை, கடன் இல்லை. லாபத்துக்காகவா கடமைக்காகவா என்ற இரண்டு கதவுகள்தான் அந்த அறைக்கு. பிள்ளைக்கு எத்தனை கதவுகள் என்று சென்ற ஞாயிறு நீங்களே எண்ணத் தொடங்கினீர்கள். பயம் என்றார் ஒருவர். அவருக்குப் போக வேறு இடமே இல்லை, கொழும்பு என்பது வெறும் சொல்தான் என்றார் இன்னொருவர். லைனில் வேலை பார்க்கும் ஒரு தங்கை சொன்னது என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. “பழக்கம் ஐயா. ரெண்டு மாசம் ஒரே ஸ்டேஷன்ல நின்னாலே லீவு நாள்லயும் கை அப்படியே போகுது. அவரு அத்தனை வருஷம் கணக்கு எழுதியிருக்காரு. கை எழுதத்தான் செய்யும்.”

இதை விரித்துப் பாருங்கள். நல்லவனாக இருப்பது பழக்கத்தால் வருவது என்று அரிஸ்டாட்டில் சொன்னார். நீதியான செயல்களைச் செய்து செய்துதான் ஒருவன் நீதிமான் ஆகிறான் என்றார். பழக்கம் அங்கே பெருமை. அந்தத் தங்கை சொன்ன பழக்கத்தில் பெருமை இல்லை, ஒரு கலக்கம் இருந்தது. கை தானாக நல்லதைச் செய்துவிட்டால் அதில் மனிதன் எங்கே இருக்கிறான்? அப்படியானால் பிள்ளை ரயிலடிவரை போன அந்தச் சில மணி நேரம்தான் அவர் வாழ்வில் அவராகவே இருந்த நேரமா? திருடப் போனபோது சுதந்திரமானவர், திரும்பி வந்தபோது இயந்திரம் என்றாகிவிடாதா? அல்லது திரும்பி வருவதென்று முடிவெடுத்த அந்தக் கணம்தான் அவருடைய ஒரே சுதந்திரமா?

எனக்குப் பதில் தெரியாது. ஆனால் காண்ட்டின் நூலை மட்டும் படித்திருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. கதையில் பதில் இல்லை என்று குறைப்பட்டீர்களே, அதே காண்ட் தம் நூலில் இன்னோர் இடத்தில் ஒப்புக்கொள்கிறார்: நம் செயலின் உண்மையான காரணத்தை நம்மாலேயே கூட முழுமையாகக் கண்டுவிட முடியாது, எவ்வளவு துருவினாலும் ஏதோ ஒரு சுயநலம் மறைந்திருக்கலாம் என்று. தத்துவ அறிஞர் ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறார். புதுமைப்பித்தன் அந்த இருட்டுக்குள்ளேயே ஒரு முழுக் கதையையும் நடத்துகிறார்.

நம் ஊர்க் கோவிலைப் பாருங்கள். பாடலாத்ரி நரசிம்மரை மலைப் பாறையிலேயே குடைந்து வடித்திருக்கிறார்கள். சிலை தனியாக நிற்கவில்லை. அதனால் அவரை வலம்வர வேண்டுமென்றால் மலையையே சுற்றித்தான் வர வேண்டும். சில கேள்விகளும் அப்படித்தான் இருக்கின்றன. மனிதனிடமிருந்து பெயர்த்தெடுத்து மேசைமேல் வைத்துச் சுற்றிப் பார்க்க அவை இடம் கொடுப்பதில்லை.

இது ஏதோ நவீன இலக்கியக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போகும் இந்த வட்டாரத்திலேயே இதற்கு நீண்ட வரலாறு உண்டு. மணிமேகலையைப் பள்ளியில் அமுதசுரபியோடு முடித்துவிடுவார்கள். முப்பது காதைகள் கொண்ட அந்தக் காப்பியத்தில் அமுதசுரபி நடுவழிதான். வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் துறவியின் வடிவத்தில் சென்று பத்து விதமான தத்துவவாதிகளை ஒவ்வொருவராக விசாரிக்கிறாள்: அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி முதலியோரை. கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தந்தையரை உன் தாய் தந்தையர் என்று எதைக் கொண்டு அறிந்தாய், ஊகத்தால்தானே என்று அவள் மடக்குகிறாள். அளவையியலில் கூர்மையான வாதம் அது. வாதம் செய்பவள் மாதவியின் மகள் என்பதால் அதற்கு இன்னொரு கனம் சேர்கிறது. கோவலன் மகள் என்பதையும் கணிகை குலத்தில் பிறந்தவள் என்பதையும் ஊர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்ற கேள்வி அவள் வாயில் வெறும் தருக்கமாக இருக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் காஞ்சி. நம் அறைகளிலிருந்து பஸ் ஏறினால் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடக்கூடிய அதே காஞ்சி. அங்கே அறவண அடிகளிடம் அவள் பௌத்தத் தருக்கம் கற்கிறாள். அந்தக் காதை கவிதையாகப் படிக்க வறண்டுதான் இருக்கிறது. பலர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவார்கள். நானும் அவற்றை ரசித்துப் படித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். புகாரில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிவிட்டு, பசியால் வாடிய காஞ்சிக்கு வந்து அங்கும் உணவளித்த பிறகுதான் அந்தப் பெண் தருக்கம் கேட்க உட்காருகிறாள். முதலில் சோறு, பிறகு அளவையியல். பசித்தவரைப் பார்த்திராத ஒருவருக்கு ‘துக்கம்’ என்பது ஒரு கலைச்சொல். நாற்பது பேருக்குப் பரிமாறிவிட்டு வந்தவருக்கு அது தெரிந்த முகம். அந்த வரிசையை மாற்றிப்போட்டால் காப்பியமே சரிந்துவிடும். தத்துவப் பகுதியை மட்டும் பெயர்த்தெடுத்து அச்சிட்டால் அது ஒரு பாடநூலாகும், மணிமேகலை ஆகாது.

இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். அந்தப் பெயரைக் கேட்டால் இன்று கார், செல்போன், கண்ணாடி என்றுதான் நினைவுக்கு வருகிறது. இராமானுசர் பிறந்த ஊர் அது. வைணவ மரபு சொல்லும் ஆண்டு 1017. பிரம்மசூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் எழுதியவர், தருக்கத்தில் யாருக்கும் குறையாதவர். அவர் நினைத்திருந்தால் தத்துவத்துக்கு சூத்திரமும் பாஷ்யமும் போதும் என்று நின்றிருக்கலாம். ஆனால் அவருடைய சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான், குருவின் அருளோடு, நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை எழுதினார். அடுத்தடுத்த தலைமுறைகளில் உரைகள் வளர்ந்தன. திருவரங்கத்தில் நம்பிள்ளை வாய்மொழியாகச் சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. சீடர்கள் சந்தேகம் கேட்க, ஆசிரியர் பதில் சொல்ல, நடுவில் பழைய ஆசாரியர்கள் பேசிக்கொண்ட கதைகள் வர, ஒரு கூடத்தில் பலர் உட்கார்ந்து ஒரே பாட்டைப் படிக்கும் ஓசை இன்றும் அந்த உரையில் கேட்கிறது. நாம் ஞாயிறு செய்வதை அவர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தார்கள்.

கடவுளின் இயல்பையும் உயிரின் இயல்பையும் பேச வந்தவர்களுக்குப் பாட்டு எதற்கு? அதுவும் தலைவனைப் பிரிந்த பெண் புலம்புவதாகவும் தாய் மகளைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் வரும் பதிகங்கள் எதற்கு? நான் புரிந்துகொண்டது இது. உயிர் இறைவனைச் சார்ந்து நிற்கிறது என்பதை சூத்திரத்தால் நிறுவலாம். சார்ந்து நிற்பவர் கைவிடப்பட்டதாக உணரும் ஓர் இரவில் அந்தக் கொள்கை என்ன ஆகிறது என்பதை சூத்திரத்தால் சொல்ல முடியாது. ஒரு குரல் வேண்டும், அந்தக் குரலுக்கு வலி வேண்டும். நீங்கள் வைணவராக இருக்க வேண்டியதில்லை. கடவுள் நம்பிக்கையே இல்லாவிட்டாலும் இது புரியும்.

இனி நம் காலத்துக்கு, ஷாப் ஃப்ளோருக்கே வருகிறேன். சிமோன் வெய்ல் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பிரான்சில் பள்ளியில் தத்துவம் கற்பித்தவர். 1934 டிசம்பரில், 25 வயதில், விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிசில் ஆல்ஸ்தோம் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1935 கோடையில் ரெனால்ட் கார் தொழிற்சாலையில் மில்லிங் மெஷினில் நின்றார். ஒரகடத்தில் நீங்கள் பார்க்கும் பெயர்ப்பலகையில் உள்ள அதே ரெனால்ட்தான். உடல் வலுவில்லாதவர், கடுமையான தலைவலிக்காரர். எத்தனை துண்டு முடித்தாரோ அதற்குத்தான் கூலி. வேகம் வரவில்லை என்றால் திட்டு. அவர் எழுதிய ஆலைக் குறிப்பேட்டில் என்னை உலுக்கியது ஒன்று: அந்தக் களைப்பில் மனிதனுக்கு வரும் மிகப் பெரிய ஆசை, சிந்திப்பதையே நிறுத்திவிடுவது, வலிக்காமல் இருக்க அது ஒன்றே வழி என்று தோன்றிவிடுகிறது என்கிறார். தத்துவம் கற்பித்தவருக்கே அப்படி. இரவு ஷிப்ட் முடிந்து வரும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளியே வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ரோஸியேர் என்ற இடத்தில் இருந்த வார்ப்பாலைத் தொழிலாளர்களோடு பேச விரும்பினார். அங்கே ஓர் ஆலை இதழ் நடந்தது. மனத்தில் இருப்பதை எழுதுங்கள் என்று தொழிலாளர்களை அழைத்து அவர் எழுதிய முதல் கட்டுரையை நிர்வாகி ஏற்கவில்லை. 1936 மே மாதம் அந்த இதழில் அவர் எழுதியது வெளிவந்தது. தத்துவ விளக்கமோ பொருளாதாரப் பாடமோ அல்ல. 2,400 ஆண்டுகளுக்கு முன் சோஃபக்ளிஸ் எழுதிய ஆன்டிகனி நாடகத்தின் கதை. இறந்த தமையனைப் புதைக்கக் கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான், தங்கை புதைக்கிறாள், அதற்கான தண்டனையை ஏற்கிறாள். படித்தவர்களின் சொத்தாகிவிட்ட கிரேக்கப் பெருங்கவிதை, துன்பம் அறிந்த உழைப்பாளிகளுக்குத்தான் உண்மையில் நெருக்கமானது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

சட்டத்துக்குக் கீழ்ப்படிவதா மனசாட்சிக்குக் கீழ்ப்படிவதா என்று அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். தெளிவாக எழுதக்கூடியவர்தான். கதையைத் தேர்ந்தெடுத்தார். அரசன் கிரெயோன் பக்கத்திலும் நியாயம் இருப்பதைக் காட்ட ஒரு நாடகத்தால் முடியும். கட்டுரை ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பின்னர் 1940–41இல் அவர் இலியட் காப்பியத்தைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. வன்முறை ஒரு மனிதனைக் கொல்லும்போது அவனைப் பிணமாக்குகிறது. அதைவிடப் பெரிய அதிசயம், உயிரோடு இருக்கும்போதே அவனை ஒரு பொருளாக்கிவிடுகிறது என்பது அதன் மையக் கருத்து. இலியட்டை எத்தனையோ பேராசிரியர்கள் படித்திருக்கிறார்கள். மில்லிங் மெஷினில் நின்றுவிட்டு வந்து படித்தவருக்குத்தான் அது அப்படித் திறந்தது என்று நான் நம்புகிறேன். உங்களுக்கும் அப்படித் திறக்கும். நீங்கள் படிக்கும் படிப்பு எந்தக் கல்லூரி வகுப்பின் படிப்புக்கும் இளைத்தது அல்ல. அவர்களிடம் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் போதுமா என்று சங்கத்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்பார். அவருக்காக மு. தளையசிங்கத்தைச் சொல்கிறேன். ஈழத்தில் புங்குடுதீவில் 1935இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், சிறுகதை எழுதியவர். ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ என்னும் அவர் நூல்களில் கதை எங்கே முடிகிறது, தத்துவம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இலக்கியம் வெறும் ரசனையாகவும் நிற்கக் கூடாது, கட்சியின் முழக்கமாகவும் சுருங்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் சண்டை போட்டவர். அவர் எழுத்தோடு நிற்கவில்லை. அவர் ஊரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ள உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அதற்காகச் சத்தியாக்கிரகம் செய்தார்; காவல்துறையின் அடியை வாங்கினார். உடல் தேறவே இல்லை. 1973இல், 40 வயதைத் தொடுவதற்கு முன்பே இறந்துபோனார். தத்துவம் படித்ததால் அவர் கிணற்றுக்குப் போனாரா, கிணற்றைப் பார்த்ததால் தத்துவத்துக்கு வந்தாரா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் வட்டாரத்தில் வாடகைக்கு அறை கேட்டுப் போகும்போது, சொந்த ஊர் எது, நீங்கள் என்ன ஆட்கள் என்று விசாரிக்கிறார்களே, அந்த வாசலில் நின்று பதில் சொல்லத் தயங்கியவர்கள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தளையசிங்கத்தை நாம் ஒரு நாள் படிக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரமில்லை என்று நீங்கள் சொல்வது சாக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகவர, ஓ.டி., சமையல், துணி, தூக்கம் எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது? ழாக் ரான்சியேர் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1981இல் வெளியிட்ட நூல் ஒன்று முழுவதும் இதைப் பற்றித்தான். 1830களில் பாரிசில் பகலெல்லாம் உழைத்த தையற்காரர்கள், தச்சர்கள், அச்சுக்கோப்பவர்கள் இரவில் தூங்காமல் உட்கார்ந்து படித்தார்கள், கவிதையும் தத்துவமும் எழுதினார்கள். கேப்ரியல் கோனி என்ற தச்சர், தளத்துக்குப் பலகை பதிப்பவர், தன் ஒரு நாள் வேலையை மணி மணியாக எழுதிப் பார்த்திருக்கிறார். பகலில் உழைப்பவன் இரவில் உறங்க வேண்டும், சிந்திக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற ஏற்பாட்டையே அவர்கள் மறுத்தார்கள் என்கிறார் ரான்சியேர். அந்த நூலை நான் மதிக்கிறேன். ஆனாலும் உங்களிடம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மறுநாள் காலை உங்கள் கை பிரஸ்ஸுக்கு அடியில் இருக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் படிக்காதீர்கள். சிறுகதையை நான் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புதுமைப்பித்தனின் எழுத்து அரசுடைமை ஆகிவிட்டது, செல்போனிலேயே கிடைக்கும், ஒரு பஸ் பயணத்தில் ஒரு கதை முடியும். படித்துவிட்டு அந்த வாரம் முழுவதும் வேலைக்கு நடுவே அதை நினைத்துக்கொண்டிருந்தால் போதும். படிப்பு பாதியில் நின்றுவிட்டதே என்றும் தயங்க வேண்டாம். பக்கத்து ஊருக்குப் பெயர் கொடுத்த மறைமலை அடிகள் பள்ளிப் படிப்பை ஒன்பதாம் வகுப்போடு விட்டவர். பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். பல்லாவரம் வீட்டில் அவர் சேர்த்த நூல்கள் சென்னையில் ஒரு நூலகமாகவே நிற்கின்றன.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன். பள்ளியில் ஒவ்வொரு கதையின் கீழும் ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்று ஒரு வரி எழுதவைத்தார்கள். நானே அந்தக் கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் மதிப்பெண் போட்டவன். நீதியைக் கண்டுபிடித்ததும் கதை முடிந்துவிடுகிறது. தேர்வு எழுதியவர் நிம்மதியாகிவிடுகிறார். நம் கூட்டத்தில் அதைத் தேட வேண்டாம். யாருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் இதே போல் செய்திருப்பேன், எந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, எந்த வரியைப் படித்தபோது என் சொந்தக்காரர் ஒருவர் முகம் வந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். மற்றது பேச்சில் வரும்.

அடுத்து அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’. சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வரும் காதர் என்பவர், அங்கே இருப்பவர்கள் முன்னால் புலியாக மாறிக் காட்டுகிறார். வேலை எதுவும் அங்கே காலியில்லை. வாக்-இன் இன்டர்வியூவில் வரிசையில் நின்ற யாரும் அந்தக் கதையைச் சாதாரணமாகப் படித்துவிட முடியாது. ஒரு மனிதனின் திறமை, அதை விலைக்கு வாங்க ஆள் இல்லாதபோது என்னவாகிறது என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

அதற்கடுத்த ஞாயிறு நம் மாடி அறைகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் நண்பர்களையும் அழைக்கலாம் என்று நினைக்கிறேன். பிரேம்சந்தின் ‘கஃபன்’ கதையை அவர்கள் இந்தியில் படித்து வரட்டும், நாம் தமிழில் படித்து வருவோம். மருமகளின் சவத்துணிக்குத் தண்டிய பணத்தில் தகப்பனும் மகனும் குடித்துவிடும் கதை அது. பசி மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்று கேட்கும்போது மணிமேகலையை நாம் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஒடியாவில் 1898இல் ஃபக்கீர் மோகன் சேனாபதி எழுதிய ‘ரேவதி’யை அவர்களில் யாராவது நமக்கு வாயால் சொன்னாலே போதும். படிக்க ஆசைப்பட்ட ஒரு சிறுமி, அவள் படித்ததால்தான் குடும்பத்தில் சாவு விழுந்தது என்று பழிக்கும் பாட்டி. அவர்கள் சொல்வதை மொழிபெயர்க்க, இந்தியும் தமிழும் தெரிந்த நம் கேன்டீன் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வாரம் யார் யாருக்குப் பகல் ஷிப்ட் என்று வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். அதைப் பார்த்து நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா
சிங்கப்பெருமாள் கோவில்